அறுபது வயது அத்திமரத்தை நட்ட கதை

ஒரு காட்டில் மரம் ரொம்பக் குறைவாக இருந்தது. காட்டில் மரம் இல்லையா, அதெப்படி என்று இழுக்காதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கரைத் தெருவில் ஏரியா இருக்கிறது? அந்த மாதிரிதான் இதுவும். பேர் காடு, நடப்பு நகரம். சிங்கராஜா பட்டத்துக்கு வந்த புதிதில், "நம்ம காடும் முன்னேறணும்" என்று ஒரு கர்ஜனை விட்டார். உடனே தார் ரோடு வந்தது, மேம்பாலம் வந்தது, முச்சந்திக்கு முச்சந்தி சிக்னல் வந்தது. மானைத் துரத்திக்கொண்டு வந்த புலி சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்த பிறகு துரத்துகிற அளவுக்கு நாகரிகம் முற்றிவிட்டது. கூடவே வெயிலும் வந்தது. கடைசியாக எண்ணியபோது மொத்தக் காட்டுக்கும் இருநூற்றுப் பதினாலு மரம். பங்குனி மத்தியானத்தில் ஏழு யானைகள் ஒரு பற்பசை விளம்பரப் பலகையின் நிழலில் ஒண்டி நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நரி எங்கே என்று கேட்பீர்கள். நரிக்கு வேறொரு கதையில் திராட்சை டூட்டி. இந்தக் கதையை நாம் நரி இல்லாமலே ஓட்டியாக வேண்டும்.

அந்த இருநூற்றுப் பதினாலில் ஒன்று தெற்கு முச்சந்தியில் நின்ற அத்திமரம். வயசு அறுபது, உயரமும் அறுபதடி. அதில் காய்ந்துபோன ஒரு கொம்பில் பொந்து குடைந்து குடியிருந்தாள் திலகவல்லி. அவள் ஒரு குக்குறுவான் குருவி. கைக்குள் அடங்குகிற பச்சை உடம்பு, நெற்றியில் பிறவியிலேயே சிவப்புப் பொட்டு. வாயைத் திறந்தால் டுக் டுக் டுக் என்று பாத்திரக் கடையில் செம்பு தட்டுகிற சத்தம்தான் வரும். புருஷன் மருதையன் நல்லவன். நல்லவன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேனே, அதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். பொந்துக்குள் மூன்று முட்டை. பொரிய ஒரு வாரம் பாக்கி, பொரிந்த குஞ்சு பறக்க அதற்கப்புறம் ஒரு மாசம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு குரங்கு வந்து மரத்தில் பசை தடவி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனது. மருதையன் கொம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அதை வாசித்தான்.

"‘பசுமைக் காடு’ விழாவை முன்னிட்டு, மாட்சிமை தங்கிய சிங்கராஜா அவர்கள் வரும் வெள்ளிக்கிழமை இவ்விடத்தில் ஆயிரம் மரக்கன்றுகள் நட இருப்பதாலும், கன்றுகளுக்கு வெயில் அவசியம் என்பதாலும், வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும் இம்மரம் அன்று காலை எட்டு மணிக்கு அகற்றப்படும்."

"வல்லி, மரம் நடுறதுக்காக மரத்தை வெட்டுறாங்களாம்."

"தலைகீழாத் தொங்கிட்டுப் படிச்சா அப்படித்தான் இருக்கும். நேரா நின்னு படிங்க."

அவன் நேராக நின்று படித்தான். அப்போதும் அதேதான் இருந்தது.

"சரி விடு," என்றான் மருதையன். "நமக்கு ரெக்கை இருக்கு. வேற மரம் பார்த்துக்கலாம்."

"நமக்கு இருக்கு. முட்டைக்கு?"

"முட்டை... அடுத்த வருஷம் போட்டுக்கலாமே?"

திலகவல்லி அவன் மண்டையில் நங்கென்று ஒரு கொத்து கொத்தினாள். "வாயில நல்ல வார்த்தை வராதா உங்களுக்கு? பேசாம உள்ள போய் முட்டை மேல உக்காருங்க. நான் ஆபீசுக்குப் போய்ட்டு வர்றேன்."

மரப் பாதுகாப்பு அலுவலகம் வடக்கே இருந்தது. அங்கே ஒரு மரமும் இல்லை என்பதால் வழி கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் வரிசை. முதல் ஆளாக ஆமை. அவர் ஆடி அசைந்து நடந்து கவுண்டருக்குப் போய்ச் சேரவே மணி பதினொன்று. அவருக்குப் பின்னால் மலைப்பாம்பு. ஒரே ஆசாமிதான், ஆனால் பதினெட்டடி வரிசையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. "அண்ணே, கொஞ்சம் சுருண்டுக்கக் கூடாதா?" என்று கேட்டாள் திலகவல்லி. "வரிசைன்னா நேராத்தான் நிக்கணும்னு போர்டு போட்டிருக்கு தங்கச்சி," என்றது பாம்பு. அதுவும் நியாயம்தான்.

அவள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் பொதியப்பன். கழுதை, முப்பது வருஷ சர்வீஸ்.

"எங்க மரத்தைக் காப்பாத்தணும் சார்."

"காப்பாத்திடலாம். அதுக்குத்தானே இருக்கோம். படிவம் ஏழு, மூணு பிரதி எழுதிக் கொடு."

அவள் அலகால் குத்திக் குத்தி மூன்று பிரதி எழுதினாள். கழுத்தே கழன்றுவிட்டது. பொதியப்பன் ஒன்றைக் கோப்பில் வைத்தார், ஒன்றை மேலிடத்துத் தட்டில் போட்டார்.

"மூணாவது எங்க சார்?"

"ம்," என்றார் பொதியப்பன். அவரால் பேச முடியவில்லை, மென்றுகொண்டிருந்தார். விழுங்கிய பிறகு, "மத்தியான டிபன்," என்றார். "சரி, நாலாவது காலத்துல ஒண்ணுமே எழுதலையே. நட்டவர் பேரு?"

"எங்க கொள்ளுத் தாத்தாவோட சித்தப்பான்னு சொல்வாங்க."

"எப்படி நட்டாரு? குழி எடுத்தா, கிளையை ஒடிச்சு வச்சா?"

திலகவல்லிக்குக் கூச்சமாகிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அத்திப்பழம் தின்னாருங்க. பறந்தாருங்க. முச்சந்திக்கு வர்றப்ப வயிறு லேசாச்சுங்க."

பொதியப்பனின் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. "எச்சமா? அரசாங்கப் பதிவேட்டுல என்னை எச்சம்னு எழுதச் சொல்றியா?"

"அதுலேர்ந்துதானே சார் மரம் வந்துச்சு!"

"வந்தா? எங்க, போட்டோ இருக்கா?" அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறாவது காலத்தில், ‘நடும்போது எடுத்த புகைப்படம். நட்டவர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். மரம் தெரிய வேண்டிய அவசியமில்லை’ என்று அச்சடித்திருந்தது. அதோடு விட்டாரா? பெரிய பதிவேட்டையும் இழுத்துப் பிரித்தார். "தெற்கு முச்சந்தி... இதோ பாரு. ‘காலி இடம்’. நடாத மரம் மரமே இல்லை தாயி. நம்ம கணக்குல அங்க இருக்கிறது வெறும் காலி இடம்."

"காலி இடத்தை எப்படி சார் வெட்டுவாங்க?"

முப்பது வருஷத்தில் பொதியப்பனிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வாலை ஆட்டினார், காதை ஆட்டினார், மின்விசிறி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். "அது வேற செக்‌ஷன்," என்றார்.

ஆனாலும் கல்மனசுக்காரர் இல்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா பாரு. விழா வேலை பூராவும் என் தலையிலதான் கட்டியிருக்காங்க. அந்த மரம் போறதுல எனக்கு மட்டும் சந்தோஷமா? ஒரே ஒரு போட்டோ கொண்டா. யாராவது ஒரு பெரிய புள்ளி அந்த மரத்தடியில மண்வெட்டியோட நிக்கணும். அப்புறம் எமனே எருமையோட வந்தாலும் அந்த மரத்தைத் தொட முடியாது."

அறுபது வருஷத்துக்கு முந்தின போட்டோவுக்கு அவள் எங்கே போவாள்? புதன்கிழமை மைனா, அணில், கிளி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுத்தாள். பொதியப்பன் அதையும் தின்றுவிட்டு, "நியாயம் இருந்துச்சு. கொஞ்சம் உப்பும் இருந்துச்சு," என்றார். வியாழக்கிழமை பொந்துக்குள் முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அழுதாள். டுக் டுக் என்று அழுதால் யாருக்கு அழுகை என்று தெரியும்? கீழே போனவர்கள் ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முச்சந்தியில் ஷாமியானா போட்டு, வாழைமரம் கட்டியிருந்தார்கள். எட்டு மணிக்குச் சங்கிலியும் கையுமாக வந்து சேர்ந்தார் மரம் சாய்க்கும் ஒப்பந்தக்காரர் மத்தகராஜ். யானை. வந்தவர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து சொரசொரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே," என்று அவர் மத்தகத்தில் வந்து உட்கார்ந்தாள் திலகவல்லி. "மூணு முட்டை அண்ணே. ஒரு மாசம் தள்ளி வெட்டுங்க அண்ணே."

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி, ஆர்டர் போட்டுட்டாங்களே," என்றார் மத்தகராஜ். "எனக்கு மட்டும் ஆசையா? இருபது வருஷமா இந்த மரத்துலதான் முதுகு சொறியறேன். இந்தச் செதிலு மாதிரி வேற எந்த மரத்துலயும் வாய்க்காது. அதான், கடைசியா ஒரு தடவை..."

கடைசி ஒரு தடவை ஒரு மணி நேரம் நீண்டது. யானை முதுகு இல்லையா, இடம் ஜாஸ்தி. அவர் இடது தோளை முடித்துவிட்டுச் சங்கிலியை எடுத்தார். அதை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். திலகவல்லி பொந்துக்குப் பறந்தாள். உள்ளே மருதையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முட்டை மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"வெளிய வாங்க, மரம் சாயப்போகுது!"

"நீ போ வல்லி. நான் வரல. அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு சொன்னேன்ல, அதைச் சொன்ன வாயோட நான் எங்க போறது?"

அடடா, பயந்தாங்கொள்ளி என்று நாம் நினைத்தது தப்பு. அந்த நேரம் பார்த்து ரோட்டில் சைரன் ஊளையிட்டது.

விழா பதினோரு மணிக்குத்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகுகாலம் என்பது கடைசி நிமிஷத்தில் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. சிங்கராஜா ஒன்பது மணிக்கே வந்து இறங்கிவிட்டார். மத்தகராஜ் அவசர அவசரமாகச் சங்கிலியை உருவித் தும்பிக்கைக்குள் சுருட்டிக்கொண்டு, அலங்கார வளைவு மாதிரி அசையாமல் நின்றார். ராஜா தலையில் மரத்தைச் சாய்த்தால் மரத்தோடா போகும்?

மேளம் கொட்டியது. ராஜா கையில் வெள்ளி மண்வெட்டியைக் கொடுத்தார்கள். கையா, முன்னங்காலா என்று ஆராயாதீர்கள். ராஜாவுக்கு எல்லாம் கைதான். பொதியப்பன் பல்லெல்லாம் தெரிய ஓடிப்போய்க் கன்று ஏற்றிவந்த லாரியின் பின்கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து பன்னிரண்டு ஆடுகள் இறங்கின. எல்லார் கழுத்திலும் ‘தன்னார்வலர்’ என்று அட்டை. எல்லார் வயிறும் டமாரம். அவர்களுக்குப் பின்னால் ஆயிரம் பாலிதீன் பை, மண்ணோடு.

"கன்னு எங்கய்யா?" என்று கிசுகிசுத்தார் பொதியப்பன்.

"வழியிலேயே வாடிப்போச்சுங்க," என்றது தலைமை ஆடு. "வாடின பயிரைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க எங்களுக்கு மனசு கேக்கல." சொல்லிவிட்டு ஒரு ஏப்பம் விட்டது. வேப்பங்கன்று வாசனை அடித்தது.

"கன்றைக் கொண்டு வா," என்றார் சிங்கராஜா.

பொதியப்பன் லாரிக்குள் தலையை விட்டு இன்னொரு தரம் தேடிப் பார்த்தார். போன வருஷம் மைக் கொஞ்சம் கரகரத்ததற்கே, மைக் செட்டுக்காரராக இருந்த முயலை மறுநாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்த முயல்கள் எல்லாம் ஓசைப்படாமல் பின்வரிசைக்கு நகர்ந்தன. ராஜாவின் மீசை துடித்தது.

மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் திலகவல்லி. மரத்தடி இருக்கிறது. மண்வெட்டி இருக்கிறது. காட்டிலேயே பெரிய புள்ளி, மண்வெட்டியோடு மரத்தடியில் நிற்கிறது. போட்டோக்காரக் குரங்கும் இருக்கிறது. ‘அடி என் சாமி!’ என்று ஒரே பாய்ச்சலில் இறங்கி மைக்கில் உட்கார்ந்தாள்.

"கன்னு இதோ நிக்குதுங்க ராஜா! நீங்க கை வைக்கிறதுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்குது!"

ராஜா திரும்பினார். அண்ணாந்தார். இன்னும் அண்ணாந்தார். கிரீடம் பின்பக்கமாகக் கழன்று விழுந்தது.

"இதுவா கன்று?"

"கொஞ்சம் பெரிய கன்னுங்க."

"இதைத்தான் ஏற்கெனவே நட்டிருக்கே!"

இந்த இடத்தில்தான் பொதியப்பன் தன் முப்பது வருஷ சர்வீசையும் ஒரே மூச்சில் நியாயப்படுத்தினார். பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இல்லீங்க ராஜா! இன்னும் நடலீங்க! நீங்களே பாருங்க, ‘தெற்கு முச்சந்தி, காலி இடம்’. முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு."

ராஜா பதிவேட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். ஆளத் தெரிந்தவர் ஆச்சே, கண்ணால் கண்டதை நம்பி ஏமாறுவாரா? "ஆமாம், காலி இடம்தான்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை ஓங்கினார்.

அடிமரத்தில் ஒரு பிடி மண் தள்ளினார். பூவாளியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். கூட்டம் கைதட்டியது. குரங்கு மரம் முழுக்கத் தெரிய வேண்டுமென்று பின்னால் போய், இன்னும் பின்னால் போய், அடுத்த தெரு சாக்கடையில் விழுந்து எழுந்து வந்து, கடைசியில் ராஜா முகத்தை மட்டும் எடுத்தது. விதிமுறைப்படி அது போதும்.

"எத்தனை வருஷத்துல இது மரமாகும்?" என்று கேட்டார் ராஜா.

மத்தகராஜ்தான் தும்பிக்கையைத் தூக்கி அலறினார். "ஆயிடுச்சுங்க ராஜா! தண்ணி ஊத்தின ஈரம் காயல, அதுக்குள்ள அறுபதடி! யப்பா, கைராசின்னா இதுல்ல கைராசி!"

"கைராசி! கைராசி!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. ஆடுகள்தான் எல்லாரையும் விட உரக்கக் கத்தின.

ராஜா அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் நீர் திரண்டது. "நீ தொட்டது துலங்கும்னு எங்கம்மா சின்ன வயசுலேயே சொல்லுச்சு," என்றார் நாத்தழுதழுக்க. அப்படியே பார்வை நகர்ந்து காய்ந்த கொம்பில் நின்றது. மீசை மறுபடி துடித்தது. "யார்ரா அது? என் மரத்துல நட்ட அஞ்சு நிமிஷத்துல ஓட்டை போட்டது?"

பொந்திலிருந்து மருதையன் ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

"அது குடியிருப்பு வசதியோட வர்ற உயர் ரகங்க," என்றார் பொதியப்பன். வாய் பழகிவிட்டது அவருக்கு.

"அப்படியா? நல்ல ரகம்தான்," என்றார் ராஜா. "இந்த மரத்து மேலயோ, இதுல குடியிருக்கிறவங்க மேலயோ எவனாவது கை வச்சான்..." மீதியைச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, மரத்தடி நிழல் சிலுசிலுவென்று இருந்தது. அப்படியே சாய்ந்தவர் நாலு மணி வரைக்கும் குறட்டை விட்டார். அந்தக் குறட்டை மேலே பொந்துவரைக்கும் கேட்டது. முட்டைக்குக் காவல் இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றும் பொரிந்தன. இறகு முளைக்காத மூன்று வாய்கள், மூன்றும் திறந்தபடி. திலகவல்லி சந்தோஷத்தில் டுக்கிய டுக்கில் மூன்று தெருவுக்குத் தூக்கம் போயிற்று. பதிவேட்டில் ‘மர எண் 1’ ஏறியது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ராஜாவுக்குக் கைராசி என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புலி போய் வடக்குத் தெருப் புளியமரத்தை நட்டது. கரடி நூறு வயசு இலுப்பையை நட்டு மாலை போட்டுக்கொண்டது. முதலை ஆற்றங்கரை மருதமரத்தைப் படுத்தபடியே நட்டது. மரம் கிடைக்காத சிறுத்தை, கரடி நட்டதை இன்னொரு பக்கத்திலிருந்து நட்டது. இரண்டே மாசத்தில் இருநூற்றுப் பதினாலு மரத்துக்கும் போட்டோ, பெயர்ப்பலகை. ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு ரோட்டை வளைத்துக்கொண்டு போனார்கள். மத்தகராஜ் சங்கிலியை எடைக்குப் போட்டுவிட்டு முதுகு சொறியும் வேலையை முழுநேரமாக ஏற்றுக்கொண்டார்.

ஆனால் ஒரு அப்பாவி முயல் இருந்தது. அது மெய்யாகவே ஒரு வேப்பங்கன்றைக் குழிவெட்டி நட்டு, தினம் தண்ணீர் ஊற்றியது. பதினைந்தாம் நாள் சோதனைக்கு வந்தார்கள். "என்னய்யா இது, நாலு இலை? ராஜா நட்டு அஞ்சு நிமிஷத்துல அறுபதடி, நீ நட்டுப் பதினஞ்சு நாள்ல நாலு இலையா? கைராசி இல்லாதவன் மண்வெட்டியைத் தொடலாமா?" என்று மண்வெட்டியைப் பறித்துக்கொண்டு போனார்கள். கன்றை ஆடுகள் பார்த்துக்கொண்டன.

அதை அத்திமரத்திலிருந்து பார்த்த திலகவல்லி புருஷனைக் கூப்பிட்டாள். "இந்தாங்க, நம்ம பிள்ளைங்களுக்கு நாளைக்கு மரம் வேணுமே. இருக்கிற இருநூத்திப் பதினாலும் நிரம்பி வழியுது. புதுசா ஒண்ணும் முளைக்க விடமாட்டேங்கிறாங்களே, நான் செஞ்ச வேலைதானே இது!"

"கொள்ளுத் தாத்தாவோட சித்தப்பா யாரைக் கேட்டுட்டு நட்டாரு?" என்றான் மருதையன்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். நல்லவன் மட்டும் இல்லை, கெட்டிக்காரனும்தான். அன்றைக்கே நாலு அத்திப்பழத்தைக் கூடுதலாக விழுங்கிவிட்டு வடக்கே பறந்தாள். மரப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மேலே வந்தபோது வயிறு லேசாயிற்று.

ஐப்பசி மழையில், பொதியப்பனின் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு விரிசலில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. பொதியப்பன் பதிவேட்டைப் புரட்டினார். ‘சன்ஷேடு, காலி இடம்’ என்று இருந்தது. காலி இடத்தைப் பிடுங்க விதி உண்டா என்று தேடினார். இல்லை. இடதும் வலதும் பார்த்துவிட்டு, டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பிறகு கோப்பில் எழுதினார்: ‘வளரட்டும். வளர்ந்தபின் நடலாம்.’ எழுதிய பிரதியை வழக்கம்போல் மென்று விழுங்கினார்.

அன்றிலிருந்து அந்தக் காட்டுப் பறவைகள் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுகின்றன.

நீதி: மரத்தை வளர்ந்த பிறகு நடு. அதுவரைக்கும் வளர்க்கிற வேலையை வயிறு லேசான யாராவது பார்த்துக்கொள்வார்கள்.